பின்கண்ணாடி கேட்டுத் திருப்பூர் போனது

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துப் போக வந்தது ஒரு டெம்போ. பனியன் துணி ஏற்றும் டெம்போ. பின்னால் சாக்கை மெத்தை மாதிரி விரித்து, பக்கத்தில் தடித்த கயிறு ஒன்றும் வைத்திருந்தார்கள். மலேசியாவிலிருந்து வருகிற விருந்தாளியைக் கயிறு போட்டுக் கட்டித்தான் கொண்டுபோவார்கள் போலிருக்கிறது, ஊருக்கு ஊர் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் பெயர் நாச்சிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. திருப்பூரில் துணி பின்னுகிற யூனிட் வைத்திருக்கிறார். பிரயாணம் சவுகரியமா என்று விசாரித்துக்கொண்டே என் கையைப் பிடிப்பதற்கு முன்னால் என் அட்டைப்பெட்டியைப் பிடித்தார். தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

"நீங்க உடுங்க, நானே தூக்கறனுங்க," என்று டிரைவரைக்கூடத் தொடவிடாமல் பெட்டியை அந்தச் சாக்கு மெத்தையின் நடுவில் வைத்து, கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். பெட்டிக்கு ராஜ உபசாரம். நான் டிரைவருக்கும் அவருக்கும் நடுவில், கியர் கம்பி முட்டியில் இடிக்க உட்கார்ந்துகொண்டேன்.

எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குத் திருப்பூரில் பனியன் வேலை ஒன்றும் கிடையாது. நான் போனது ஒரு காரின் பின்கண்ணாடிக்காக. முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி இல்லை. காரின் முதுகு முழுவதையும் சரிவாக மூடுகிற பெரிய கண்ணாடி.

காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப்பேருக்குத் தெரியாது, மீதிப்பேர் சிரிப்பார்கள். ஜப்பானில் செய்த இரண்டு கதவு வண்டி. பின்னால் ஒரு சீட் உண்டு, அதில் மளிகைப் பை உட்காரலாம், மனிதன் உட்கார முடியாது. அதே கம்பெனியின் இன்னொரு வண்டிக்கு ஊரெல்லாம் பேர், இளவட்டங்கள் அறைச்சுவரில் அதன் படத்தை ஒட்டிவைத்தார்கள். எங்கள் வண்டியை யாரும் எங்கேயும் ஒட்டவில்லை. வேகம் போதாது, இடம் போதாது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கம்பெனியும் சில வருடங்களில் கைகழுவிவிட்டது. ஆனால் மலைப்பாதையில் ஒரு வளைவில் அதை ஓட்டிப் பார்த்தவனைக் கேளுங்கள், அவன் வேறு கதை சொல்வான்.

ஈப்போவில் அந்த வண்டி வைத்திருந்தவர்கள் சிலர் சேர்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக் கடை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்போம். வேறொன்றும் செய்யமாட்டோம். ஒருவனுக்குக் குழந்தை பிறந்து வண்டியை விற்றான். ஒருவன் வேலை மாறி ஜொகூர் போனான். ஒன்றைத் துரு தின்றது. கடைசியில் நான் மட்டும் தனியாகப் போய் நிறுத்திக்கொண்டிருந்தேன். அந்தக் காப்பி முன்போல் இனிக்கவில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதற்கும் வந்தது கேடு. நண்பன் தோட்டத்தில் மரத்தடியில் நிறுத்தியிருந்தபோது ஒரு டுரியான் பழம் விழுந்து பின்கண்ணாடி தூள்தூளாகிவிட்டது. அதிலிருந்து வண்டி என் வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இன்ஜின் ஓடும், கியர் பிசகாது, ஆனால் கண்ணாடி இல்லாமல் சாலையில் விடமாட்டார்கள். கண்ணாடி உலகத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. என் மனைவி லெட்சுமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இனியும் கண்ணாடி வரவில்லையென்றால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அப்போதுதான் சேகர் ஒரு சேதி கொண்டுவந்தான். ஈப்போவில் பனியன் வியாபாரம் செய்கிறவன், சரக்கெடுக்கத் திருப்பூர் போய்வருவான். அங்கே நாச்சிமுத்து என்பவரின் ஷெட்டில் அதே வண்டி ஓடாமல் நிற்கிறதாம், கண்ணாடி முழுசாக இருக்கிறதாம். "பார்ட்ஸ் விஷயம் பேசிட்டேன். நீ போ, மத்ததெல்லாம் அவங்க பாத்துப்பாங்க," என்றான். புறப்பட்டுவிட்டேன்.

நான் வந்து இறங்கியதற்கு மறுநாள் ஆயுத பூஜை. அவிநாசிச் சாலை முழுக்க வெள்ளைப் பூசணிக்காய் மலைமலையாகக் குவிந்துகிடந்தது. வாழைக்கன்று, கலர்க் காகிதம், பொரி மூட்டை. டெம்போ நகர்வதாயில்லை. வழியில் ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டோம். இந்தப் பக்கத்தில் எங்கே தடுக்கி விழுந்தாலும் ஒரு பேக்கரி வாசலில்தான் விழவேண்டும். எங்கள் ஊர் வெள்ளைக் காப்பியைப் பற்றி நான் பெருமை பேசினேன். நாச்சிமுத்துவுக்குக் காது இங்கே இல்லை, கண் பெட்டியில் இருந்தது.

"வர்ற வழியில ஆட்டம் கண்டிருக்காதுங்களே?" என்றார்.

காகிதம் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், நசுங்காது என்றேன். எண்ணெய் விட்டு வைத்தீர்களா என்று அடுத்த கேள்வி. இதற்கு எதற்கப்பா எண்ணெய் என்று விழித்தேன். ஏதோ இந்த ஊர்ப் பழக்கமாக்கும் என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஒரே காம்பவுண்டுக்குள் முன்பக்கம் வீடு, பின்பக்கம் யூனிட். நடுவில் தகர ஷெட். நாச்சிமுத்துவின் மனைவி ருக்மணி ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். கூடவே செல்வராஜ், மெஷின் ஃபிட்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கழுத்தில் ஜெபமாலை. ஸ்பேனர்களை வரிசையாகப் பனியன் வேஸ்ட்டின்மேல் பரப்பி, ஜாக்கியை வண்டிக்கு அடியில் ஏற்கெனவே கொடுத்துத் தயாராக நின்றார். கண்ணாடி கழற்ற இவ்வளவு ஏற்பாடா என்று எனக்கு மனசு நெகிழ்ந்துபோய்விட்டது.

வண்டியைப் பார்த்தேன். என்னுடையது சிவப்பு, இது கரும்பச்சை. ஒரு தூசி இல்லை. பின்கண்ணாடி ஒரு கீறல்கூட இல்லாமல் ஷெட்டின் ட்யூப்லைட்டை அப்படியே வாங்கி வைத்திருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் மூன்று பேரும் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து கயிற்றை அறுத்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே பம்ளிமாஸ் பழங்கள். ஈப்போவின் பெருமை, ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு, வெறுங்கையோடு போகக்கூடாது என்று லெட்சுமி கட்டிக்கொடுத்தது. செல்வராஜ் ஒரு பழத்தை எடுத்துக் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அடியில் கையை விட்டுத் துழாவினார். அட்டைதான் தட்டுப்பட்டது.

"அண்ணாச்சி, கியர்பாக்ஸ் எங்க?" என்றார்.

அவர்கள் வண்டியில் கண்ணாடி இருக்கிறது, கியர்பாக்ஸ் நொறுங்கிவிட்டது. என் வண்டியில் கியர்பாக்ஸ் இருக்கிறது, கண்ணாடி நொறுங்கிவிட்டது. சேகர் என்னிடம் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவர்களிடமும் சொல்லியிருக்கிறான்: பார்ட்ஸ் விஷயமாக ஆள் வருகிறார். நான் கண்ணாடி வாங்க வந்தேன், நான் கியர்பாக்ஸ் கொண்டுவருகிறேன் என்று நினைத்து அவர்கள் டெம்போ எடுத்து வந்தார்கள். சேகரைப் போனில் பிடித்துக் கத்தினேன். இரண்டு பேரிடமும் தான் பொய் சொல்லவில்லையே என்றான். அதுவும் உண்மைதான், தொலைந்து போகிறவன்.

நாச்சிமுத்து என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இந்த வருடப் பூஜைக்கு வண்டி தானாக ஓடி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறும் என்று வீட்டில் சொல்லியிருந்தாராம், அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறதென்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன், இரும்புக்காரன் உட்பட. கடைசியில் ருக்மணி அம்மாதான், "மொதல்ல சாப்புட வாங்க," என்றார்.

அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த சாதம், அதில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்படியொரு ருசியை நான் எங்கள் ஊரில் சாப்பிட்டதில்லை. நாளைக்குப் பூஜை, சாமான் எதையும் கையில் எடுக்க முடியாது, நாளை மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்றார் நாச்சிமுத்து. கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சத்தமே இல்லாததுதான் என்னை எழுப்பியது. இரவும் பகலும் ஓடுகிற யூனிட் நின்றுவிட்டிருந்தது. மெஷின்களைத் துடைத்து, பஞ்சுத் தூசியெல்லாம் தட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். நடுவில் வாழையிலை. அதன்மேல் ஸ்பேனர், ஊசிப்பெட்டி, கத்தரி, எண்ணெய் கேன், எல்லாவற்றுக்கும் பொட்டு. எங்கள் ஊரிலும் ஆயுத பூஜை உண்டு. கோயில் வாசலில் காரைக் காட்டி ஒரு மாலை போட்டுக்கொண்டு வருவதோடு சரி.

எனக்குக் கை அரித்தது. யாரும் பார்க்காத நேரத்தில் இலையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கண்ணாடி ஓரத்து ரப்பர் எப்படி இருக்கிறதென்று லேசாக நெம்பிப் பார்க்கத்தான். பின்னாலேயே செல்வராஜ் வந்துவிட்டார்.

"அத வச்சிருங்க அண்ணாச்சி. இன்னைக்குத் தொடக்கூடாது."

நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவராயிற்றே என்றேன். சிரித்தார்.

"எனக்கு இது சாமி இல்ல. ஆனா வருஷம் பூரா நம்ம கையில கிடந்து அடிவாங்குதுல்லா, ஸ்பேனருக்கும் ஒரு நாள் லீவு வேணும் பாத்துக்கிடுங்க."

திருடன் மாதிரி கொண்டுபோய் இலையில் வைத்துவிட்டு வந்தேன்.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்தார்கள். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். டெம்போ எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது, ஸ்கூட்டர்கள் நகர்ந்தன. கடைசியாக அந்தக் கரும்பச்சை வண்டி. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஓடாத வண்டியைத் தள்ளித்தான் ஏற்றவேண்டும். ஒரிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பின்னால் கை வைத்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் இந்தியில் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். செல்வராஜிடம் கேட்டேன். இந்த வண்டி எப்போதாவது தானாக ஓடுமா, இல்லை வருடா வருடம் நம் தலையெழுத்தா என்று கேட்கிறாராம்.

நாச்சிமுத்து வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார் என்று பார்த்திருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிறவர்களோடு போய் நின்றார். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ருக்மணி அம்மா கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட்டை நகர்த்தவே இல்லை, அது அவர் காலுக்கு ஏற்றபடிதான் இருந்தது. மேலே இருந்த முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைச் சரிசெய்தார். பக்கத்து சீட்டைக் காட்டி என்னையும் ஏறச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் இதுவரை கண்ணாடி கேட்டது தப்பான ஆளிடம்.

வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. ருக்மணி அம்மாவின் இடது கால் கிளட்சை அமுக்கியது, கை கியரைத் தள்ளியது. ஒன்றுக்கும் தேவையில்லை, பின்னால் ஆட்கள் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் செய்தார். கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும்போது இரண்டாவது கியருக்கு மாற்றினார்.

சிங்கப்பூரிலிருந்து வந்து இங்கே ஆபீஸ் போட்டிருந்த ஒரு துணி ஏஜெண்ட் கப்பலில் கொண்டுவந்த வண்டி இது என்றார். ஊருக்குத் திரும்பும்போது இவர்களிடம் விட்டுப் போயிருக்கிறார். குனிந்து ஏறினால் நாச்சிமுத்துவுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும், அதனால் அவர் தொடவில்லை. ருக்மணி அம்மா இதில்தான் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாராம். விடியலில், யூனிட்டில் ஷிப்ட் மாறுவதற்குள், வெள்ளகோவில் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து சமையலில் இறங்குவாராம். மனசு சரியில்லாத நாட்களில் கொமரலிங்கம் பக்கம் ஆற்றங்கரைக்கு. உடுமலையைத் தாண்டி மலை ஏறும்போது மூன்றாவது கியர் போட்டால் அந்த இன்ஜின் போடுகிற சத்தம் இருக்கிறதே என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களே."

தெரியும் என்றேன். அந்தச் சத்தம் தெரிந்த இன்னொரு ஆளோடு பேசி எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன், முன்பின் தெரியாத ஊரில், தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் உட்கார்ந்து அழுகிறான். நல்லவேளை, தள்ளுகிறவர்களுக்குத் தெரியாது.

"அந்த மலையிலதானுங்க கியர்பாக்ஸ் போச்சு," என்றார். "அதுக்கப்பறம் மத்த கார் ஓட்டிப் பாத்தனுங்க. போகுது வருது. அவ்வளவுதான்."

தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய், வண்டியைத் திருப்பி, மறுபடி ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினோம். இறங்கியவர் ஹேண்ட் பிரேக்கைப் போட மறக்கவில்லை.

பொழுதோடு எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நான் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போனதும் என் கியர்பாக்ஸைக் கழற்றி சேகர் மூலமாக அனுப்புகிறேன், எப்படியும் இரும்புக்காரனுக்குப் போகிற வண்டி, உங்கள் வண்டியாவது ஓடட்டும் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லும்போதே நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் கால் கிளட்சை அமுக்கியதைப் பார்த்த பிறகு கண்ணாடியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். ருக்மணி அம்மா சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

"உங்க வண்டி இன்ஜின் போட்டா ஓடுமுங்களா?"

ஓடும் என்றேன்.

"அப்பறமென்னங்க. இங்கிருந்து கண்ணாடிய எடுத்தா, நிக்கற வண்டி நின்னுட்டே இருக்கும். அங்கிருந்து கியர்பாக்ஸ எடுத்தா, ஓடற வண்டி நின்னு போகும். ஓடற வண்டிய நான் நிறுத்த மாட்டனுங்க." செல்வராஜ் பக்கம் திரும்பி, காலையில் சாமானை எடுத்ததும் முதல் வேலை இதுதான் என்று சொல்லிவிட்டார். நான் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தேன், சுண்டலை இன்னும் ஒரு கரண்டி வைத்து அடைத்துவிட்டார்.

விஜயதசமி காலையில் இலையிலிருந்து சாமான்களை எடுத்தார்கள். இந்த வேலைக்கு ஸ்பேனர் உதவவில்லை. பசை போட்டு ஒட்டிய கண்ணாடி. செல்வராஜ் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தூண்டில் நரம்பை எடுத்தார். ஓரத்தில் ஓட்டை போட்டு, நரம்பின் ஒரு முனையை வண்டிக்குள்ளும் ஒரு முனையை வெளியிலும் விட்டார். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், மாற்றி மாற்றி ரம்பம் மாதிரி இழுக்கவேண்டும். பசை அறுபடும். உள்ளே நானே உட்காருகிறேன் என்றார் ருக்மணி அம்மா. வெளியே நான் நின்றேன்.

அவர் இழுத்தார், நான் விட்டேன். நான் இழுத்தேன், அவர் விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. ஒரு மூலையில் நரம்பு சிக்கியபோது அவர் இழுப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நானும் இருந்தேன். பிறகு அவரே இழுத்தார். கண்ணாடி செல்வராஜ் கையில் வந்து விழுந்தபோது யூனிட்டில் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

பனியன் துணியைச் சுற்றினார்கள், சுற்றினார்கள், அப்படிச் சுற்றினார்கள். சேகரின் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவில் கப்பலில் அனுப்புவதாக ஏற்பாடு. கண்ணாடி போன ஓட்டையில் ருக்மணி அம்மா ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். என் வீட்டு நீலத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. அவரைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இதற்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல மலை இருக்குதுங்களா?"

இருக்கிறது, ஊரைத் தாண்டினாலே கேமரன் மலைக்கு ஏறுகிற பாதை என்றேன்.

"கண்ணாடி மாட்டினதும் மலை ஏறறப்ப ஒருக்கா போன் போடுங்க. பேச வேண்டாமுங்க. போனை இன்ஜின் பக்கமா வெச்சாப் போதும்."

கண்ணாடி ஈப்போ வந்து சேர்ந்தது. சுற்றியிருந்த துணியில் லெட்சுமி இன்றைக்கும் வீடு துடைக்கிறாள். பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு கண்ணாடி மூலையில் காய்ந்து அப்படியே இருந்தது. லெட்சுமி துடைக்கத்தான் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். நடந்ததையெல்லாம் அதற்குள் சொல்லியிருந்தேன். பொட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைத்தாள்.

முதல் ஓட்டத்துக்கு அவளையும் கூட்டிப்போனேன். போனைப் பிடிக்க ஆள் வேண்டுமே. இந்த வண்டியில் ஏற எத்தனையோ நாள் முகம் சுளித்தவள், அன்றைக்கு எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மலையடிவாரத்தில் நம்பரைப் போட்டோம். "போலாமுங்க," என்றார் ருக்மணி அம்மா. பிறகு அந்தப் பக்கம் பின்னல் மெஷின்களின் சத்தம் மட்டும். லெட்சுமி போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். முதல் வளைவு, இரண்டாவது கியர். பாதை நிமிர்ந்ததும் மூன்றாவது. இன்ஜின் பாட ஆரம்பித்தது. இத்தனை மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி, ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் நாலாவதுக்கு மாற்றி, மேலே ஓர் ஓரத்தில் நிறுத்தினேன்.

லெட்சுமியிடமிருந்து போனை வாங்கி, கேட்டதா என்றேன். பதில் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். லைன் இருந்தது, மெஷின் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"மூணாவதுல இருந்து சீக்கிரம் மாத்திட்டீங்க," என்றார் ருக்மணி அம்மா. "இன்னுஞ் சித்த இழுத்திருக்கோணும். அது கத்துமுங்க. கத்தட்டும்னு உடோணும். அப்பறந்தான் மாத்தோணும்." மறுபடி மூக்கை உறிஞ்சினார். "இன்னொருக்கா போறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் லெட்சுமி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வண்டியைத் திருப்புங்க," என்றாள்.